தண்ணீர்ப்பந்தலும் நமது கைகளும்

(எமது சங்கத்தின் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரை)



எனக்குத் தரப்பட்ட விடயம் "சுத்தமான குடிநீரும் சுகாதாரமும்" என்பதாகும். விடயத்தைத் தந்த செயலாளர் அண்ணா, "பொதுவாகப் பேசு தம்பி, ஒருவருடைய மனமும் நோகாமற் பேசு" என்றும் சொல்லி வைத்தார். அப்படியே செய்யத்தான் முதலில் முயன்றேன். உலகில் ஏறத்தாழ 220 கோடி மக்கள் பாதுகாப்பான குடிநீர் வீட்டில் இன்றி வாழ்கின்றனர் என்று 2022ஆம் ஆண்டுக்கான ஐக்கிய நாடுகள் கணக்குக் கூறுகின்றது. குடிநீரும் மலசலகூட வசதியும் மனித உரிமையென 2010ஆம் ஆண்டு ஜூலை 28ஆந் திகதி அந்நாடுகளின் பொதுச்சபை தீர்மானித்தது. 2030ஆம் ஆண்டுக்குள் இவை எல்லோருக்கும் கிட்டவேண்டுமென்பது உலக நாடுகள் கூடி வைத்த இலக்கு. இவற்றையெல்லாம் தாளில் எழுதிப் படித்துப் பார்த்தேன். அழகாகவே இருந்தது. ஆனால் சீனன்குடாவில் நாம் ஆண்டுதோறும் போடும் தண்ணீர்ப்பந்தல் அந்தத் தாளில் ஓரிடத்திலும் இல்லை. ஆகவே அத்தாளை மடித்து வைத்துவிட்டுப் பந்தலைப் பற்றியே பேச வந்திருக்கின்றேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முந்திய தேர்த்திருவிழாவை நினைத்துப் பாருங்கள். பந்தலில் நான்கு நீலப் பீப்பாய்கள் நின்றன. காலையிற் குழாய்த் தண்ணீரால் அவற்றை நிரப்பினோம். பத்து மணிக்குள் அது முடிந்துபோகவே, கோயிற் கிணற்றிலிருந்தும் வாளி வாளியாக அள்ளி ஊற்றினோம். சர்க்கரை கரைத்தோம், தேசிக்காய் பிழிந்தோம். வெய்யில் ஏறியதும் நண்பரொருவர் மோட்டார் சைக்கிளில் ஓடிப்போய்ச் சாக்கு நிறைய ஐஸ்கட்டி கொண்டுவந்து போட்டார். அது மீன் வாடிகளில் மீன் பழுதாகாமல் வைப்பதற்கென்று உடைக்கும் ஐஸ்கட்டி. விரத நாளில் மச்சம் சமைத்த சட்டியை அடுப்படிப் பக்கமும் விடாதவர்கள் நாங்கள். அன்று அந்தக் குளிர்ச்சியில் ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை!

பீப்பாய்க்குள் பேணியைக் கையோடு அமிழ்த்தி அள்ளிக் கொடுத்தோம். குடித்தவர் திருப்பித் தந்த பேணியையே மறுபடியும் அமிழ்த்தினோம். மூன்றாம் நாள் நமது ஒழுங்கைகளில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் கண்டது. அவர்களுள் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் சேலைன் ஏற்றப்பட்டுப் பிழைத்தாள். வெய்யிற் குணம் என்றார் சிலர். கண்ணூறு என்றார் வேறு சிலர். பந்தலே காரணமென்று நிரூபிக்க என்னால் இயலாது. ஆயினும் அந்தச் சிறுமிக்குப் பேணியை நீட்டியவன் நான். அன்று காலை கோயில் மலசலகூடத்துக்குச் சென்று வந்துதான் பந்தலில் நின்றேன். அங்கே தண்ணீர் இருந்தது, சவர்க்காரம் இருக்கவில்லை. நானும் அதைத் தேடவில்லை. பெரியோர் முன்னிலையில் இதைச் சொல்ல நாணமாகவே இருக்கின்றது. சொல்லாமல் மேலே பேசுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை என்பதனாற் சொல்கின்றேன்.

கடந்த ஆண்டுத் திருவிழாவின்போது ஒரு சிறு சோதனை செய்தேன். இந்தியாவில் குவாலியர் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மூவர் 1982ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை அது. மருந்தூட்டிய காகிதத்துண்டு கிடக்கும் சிறு போத்தலில் தண்ணீரை நிரப்பி, சூடான இடத்தில் ஒன்றிரண்டு நாள் வைத்தல் வேண்டும். மனித மலமோ விலங்கின் எச்சமோ கலந்த தண்ணீராயின், அதனோடு வரும் கிருமிகள் ஒருவகை வாயுவை உண்டாக்கித் தண்ணீரைக் கறுப்பாக்கும். திறந்தால் அழுகிய முட்டை மணமும் வரும். பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை; முடிவு ஐயத்துக்கு இடமானால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுத்து மேலும் பார்க்கலாம். நான் நான்கு போத்தல்கள் நிரப்பினேன். குழாயிலிருந்து நேரே பிடித்தது ஒன்று. பீப்பாயிற் காலையில் எடுத்தது ஒன்று. அதே பீப்பாயில் நண்பகலில் எடுத்தது ஒன்று. கோயிற் கிணற்றில் எடுத்தது ஒன்று. முதலிரண்டும் தெளிவாக நின்றன. பின்னிரண்டும் மை போலக் கறுத்தன. அந்தப் பீப்பாயிற் கிணற்றுத் தண்ணீர் கலக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். காலைக்கும் நண்பகலுக்கும் இடையில் அதற்குள் போனவை நமது கைகளும் பேணிகளுமே.

இந்தக் குழாய்த் தண்ணீர் எங்கிருந்து வருகின்றதென்று நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. தம்பலகாமத்துக்கும் அப்பாலுள்ள கந்தளாய்க் குளத்திலிருந்து வருகின்றது. குளக்கோட்டன் கட்டுவித்த குளம் என்பது நமது ஐதிகம். பாளி நூல்களை வைத்து அக்கிரபோதி மன்னன் காலத்ததென்பார் வரலாற்றாசிரியர். அந்த வழக்கு இன்றைக்கு வேண்டாம். 1986ஆம் ஆண்டு ஏப்பிரில் 20ஆந் திகதி விடியற்புறம் அக்குளம் உடைத்து நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதைப் பெரியோர் அறிவர். அதே குளத்து நீரைத்தான் படிகாரம் இட்டுக் கலங்கல் அடையவைத்து, மணலில் வடித்து, குளோரின் கலந்து நமது வாசலுக்கு அனுப்புகின்றார்கள். குளோரின் மணக்கிறதென்று முகஞ்சுளிப்பவர் உளர். அந்த மணம் தண்ணீரோடு கூட வரும் காவற்காரன். குழாய்க்குள்ளே எங்காயினும் அழுக்குப் புகுந்தாலும் ஓரளவு கொன்றுவிடும். ஆனால் திறந்த பீப்பாயில் வெய்யிலில் நின்றால் காவற்காரன் காற்றோடு போய்விடுவான். அதன் பின்னர் நமது கையிலிருந்து என்ன இறங்கினாலும் தடுப்பதற்கு ஆளில்லை. கந்தளாயிலிருந்து இத்தனை கட்டை தூரம் சுத்தமாக வந்த தண்ணீர், பீப்பாய்க்கும் வாய்க்கும் இடைப்பட்ட இரண்டடித் தூரத்தில் கெடுகின்றது.

நல்ல எண்ணத்தோடு செய்வது நன்மையிலேயே முடியுமென்று நாம் நம்புகின்றோம். 2004ஆம் ஆண்டு கடற்கோளின் பின்னர் கிழக்குக் கரையெங்கும் உப்பேறிய கிணறுகளை, உதவ வந்த பலர் இயந்திரம் வைத்து மீண்டும் மீண்டும் இறைத்தனர். அளவுக்கு மிஞ்சி இறைத்த இடங்களில் அடியிலிருந்த உவர்நீர் மேலேறி, மழை கழுவியிருக்கவேண்டிய கிணறு மேலும் கெட்டது. அவர்களும் நம்மைப்போல் வேர்வை சிந்தியவர்கள்தான்.

இன்னொன்று. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின்நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்ததென்று 2014, 2015ஆம் ஆண்டுகளில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019 ஏப்பிரிலில் இழப்பீடு கொடுக்குமாறு தீர்ப்பாயிற்று. நியாயமான கிளர்ச்சி. ஆனால் அந்தக் குடாநாட்டின் சுண்ணக்கற் பாறைக்கூடாக மலக்குழிகளின் கழிவு கிணறுகளிற் கசிகின்றதென்று ஆராய்ச்சியாளர் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றனர். அதற்கு அத்தகைய கூட்டம் திரளவில்லை. எண்ணெய் கண்ணுக்குத் தெரியும், மூக்குக்கு மணக்கும். குற்றஞ்சாட்ட ஓர் அயலானும் இருப்பான். மலக்கிருமிக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குற்றவாளியைத் தேடினால் நமது வீட்டு வளவுக்குள்ளேயே வந்து நிற்கவேண்டி வரும்.

கோயிற் கிணற்றுப் போத்தல் ஏன் கறுத்தது? இங்கேதான் செயலாளர் அண்ணாவின் இரண்டாவது புத்திமதியை மீறவேண்டியிருக்கின்றது. புதிய மலசலகூடத்தின் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே நாடா பிடித்து அளந்தேன். முப்பத்தொரு அடி. சுகாதாரப் பகுதியார் கேட்பது ஐம்பது அடி. அதுவும் நமது நிலம் மணற்பாங்கு. குழியிலிருந்து ஊறுவது இலகுவில் ஓடும். இடத்தைத் தெரிவு செய்த கட்டிடக் குழுவிற் பெரியோரும் இருந்தனர், சங்கத்து இளைஞர் மூவரும் இருந்தனர். "ஐம்பது வருடமாக இந்தக் கிணற்றில் குடிக்கிறோம், இவ்வளவு இனிப்பான தண்ணீர் இந்தப் பகுதியிலேயே இல்லை" என்று எமது போஷகர் ஐயா என்னிடம் சொன்னார். உண்மை. தண்ணீர் இனிப்பானதுதான்.

பள்ளிக்கூடத்தில் எமக்குச் சொல்லித்தந்த ஒரு கதை அப்போது நினைவில் வந்தது. 1854ஆம் ஆண்டு இலண்டனில் புரோட் வீதியென்னும் இடத்தில் வாந்திபேதி பரவி 616 பேர் மாண்டனர். அவ்வீதிக் கிணற்றுத் தண்ணீர் சுவைக்குப் பேர் போனது. அங்கிருந்து தூரத்துக்குக் குடிபோன மூதாட்டியொருவர் அந்தச் சுவையை மறக்கமாட்டாமல் வண்டியில் அத்தண்ணீரையே வரவழைத்துக் குடித்து மாண்டார். ஜோன் சினோ என்னும் வைத்தியர், நோய் காற்றில் வரவில்லை, கிணற்றில் வருகின்றதென்று சொல்லி, செப்டெம்பர் 8ஆந் திகதி நீர்க்குழாயின் கைபிடியைக் கழற்றச் செய்தார். ஹென்றி வைற்ஹெட் என்ற அவ்வூர்ப் பாதிரியார் அதை நம்பவில்லை. வைத்தியர் சொல்வது பிழையென்று காட்டுவதற்காகவே வீடு வீடாகச் சென்று விசாரித்தார். விசாரித்து முடித்தபோது, முதலில் நோய்கண்ட குழந்தையின் துணி அலசிய நீர் ஊற்றப்பட்ட வீட்டையும் அவரே கண்டுபிடித்தார். அவ்வீட்டின் மலக்குழி கிணற்றிலிருந்து மூன்றடி தூரத்தில், செங்கல் இளகிக் கசிந்துகொண்டிருந்தது. தான் நம்பியதற்கு மாறாக உண்மை நின்றபோது உண்மையின் பக்கம் வந்த அந்தப் பாதிரியாரிடத்தில் எனக்கு வைத்தியரிலும் கூடிய மதிப்பு. நமது போஷகர் ஐயாவும் மூன்று நாட்களின் பின்னர் என்னைக் கூப்பிட்டு, "அந்தப் போத்தலை ஒருக்காக் கொண்டு வா தம்பி, பார்ப்பம்" என்றார் என்பதை இந்தச் சபையில் நன்றியோடு சொல்கின்றேன்.

நமது முன்னோர் சுத்தமறியாதவர் என்று நான் சொல்லவில்லை. பாட்டிமார் வைத்திருந்த மூக்குப்பேணியை எண்ணிப் பாருங்கள். உதடு படாமல் அண்ணாந்து குடிக்க ஒரு மூக்கு வைத்த அந்தப் பாத்திரத்துக்கு இன்றைய எந்தச் சுகாதார நூலும் தலைவணங்கும். ஆனால் அதே வீட்டுப் படலையில் வேறொருவருக்குச் சிரட்டையில் வார்த்தோம், அல்லது ஏந்திய கையில் எட்டி நின்று ஊற்றினோம். உதடு படக்கூடாதென்ற நல்லறிவும் மனிதன் படக்கூடாதென்ற பொல்லாப்பும் ஒரே முற்றத்தில் இருந்தன. 1957ஆம் ஆண்டுச் சட்டம் சமூகக் குறைபாடுகளைச் சுமத்துவதைக் குற்றமாக்கிற்று. மூக்குப்பேணி போய்விட்டது, மற்றது முற்றாகப் போய்விட்டதா?

போகவில்லை என்பதற்குத் திருவிழாக்கால மலசலகூடமே சாட்சி. தண்ணீர்ப்பந்தலுக்கு உபயகாரர் வரிசையில் நிற்கின்றனர். பெயர் எழுதிய துணியும் கட்டுகின்றோம். மலசலகூடத்துக்கு உபயகாரர் இல்லை. பத்து நாளும் அதைக் கழுவுவதற்கு வெளியிலிருந்து ஓர் ஐயாவையும் அவருடைய மனைவியையும் கூலிக்கு அழைத்து வருகின்றோம். கடந்த ஆண்டு அவர்கள் அன்னதானப் பந்தியில் உட்காராமல், பொதி செய்து வாங்கிக்கொண்டு வேலிப்புறத்தில் இருந்து சாப்பிட்டதைக் கண்டேன். ஒருவரும் போகச் சொல்லவில்லை; ஒருவரும் வரச் சொல்லவுமில்லை. 1901ஆம் ஆண்டு கல்கத்தாக் காங்கிரசில் அழுக்கேறிக் கிடந்த மலசலகூடத்தைத் தொண்டர்களிடம் காட்டிய காந்தியடிகளுக்கு, "அது எங்கள் வேலையன்று" என்ற மறுமொழியே கிடைத்தது. அவர் துடைப்பத்தை வாங்கித் தாமே சுத்தஞ்செய்தார். அந்தக் காந்தியை 1927ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தவர்கள் நம்மைப் போன்ற வாலிபர்களே. படத்துக்கு மாலை போடுவதில் நாமும் பின்னிற்பதில்லை.

இனிச் செய்யவேண்டியதற்கு வருகின்றேன். பீப்பாய்களுக்கு அடியிற் குழாய் பூட்டி மூடியை இறுகக் கட்டவேண்டும். கையும் பேணியும் உள்ளே போகலாகாது. ஐஸ்கட்டி வேண்டாம், மண்பானை போதும். கிணற்று நீர் கால் கழுவவும் பூமரங்களுக்கும் ஆகட்டும்; குழி மாற்றப்பட்டு மறுபடி சோதிக்கும்வரை குடிக்கக் கூடாது. அபிஷேகத்துக்கு ஆகுமா என்பதைக் குருக்கள் ஐயாவும் பெரியோரும் தீர்மானிக்கட்டும். நான் சொல்ல வயதில்லை. மலசலகூட வாசலிற் சவர்க்காரம் இருக்கவேண்டும். சவர்க்காரமிட்டுக் கை கழுவுவதனால் வயிற்றோட்டம் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைகின்றதென்று பல நாடுகளிற் கண்டிருக்கின்றார்கள். சவர்க்காரத்தின் விலை நாம் ஒரு வேளை வெடி கொளுத்தும் செலவுக்கு வராது. குழியை மாற்றுவதுதான் பெருஞ்செலவு. அதற்கு உண்டியற் பணத்தை எதிர்பார்ப்பது முறையன்று. இடம் தெரிவு செய்ததில் சங்கத்துக்கும் பங்கிருப்பதால், இவ்வாண்டு சங்கத்தின் நாடகச் செலவை நிறுத்தி அந்தப் பணத்தைக் கொடுக்கலாமென்று பிரேரிக்கின்றேன். நாடகத்தில் எனக்கும் ஒரு வேடம் தரப்பட்டிருந்தது. அதுவும் போகட்டும்.

திருவிழாவின் பத்து நாளுக்கும் காலை, மாலை என்று இருபது முறை மலசலகூடம் கழுவவேண்டும். அந்த ஐயாவின் கூலியைக் குறைக்காமல், அவரை மேற்பார்வைக்கு வைத்து, நாமே இருவர் இருவராகக் கழுவலாம். அவரும் மனைவியும் பந்தியில் நம்மோடு உட்கார வேண்டும். அதற்கான பட்டியலொன்றை எழுதி வாசகசாலைப் பலகையில் ஒட்டியிருக்கின்றேன். முதலாம் நாள் காலைக்கு எனது பெயரை இட்டேன். இன்று மாலை இங்கு வருமுன் பார்த்தேன். அதற்குப் பக்கத்தில், நடுங்கும் எழுத்தில், போஷகர் ஐயாவின் பெயர் இருந்தது. மிகுதிப் பத்தொன்பது வரிகளும் வெறுமையாக உள்ளன. பேனையைப் பலகையிலேயே நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கின்றேன்.