வீட்டுப் பத்திரம் வீடு திரும்பிய கதை

(நமது அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் நம் ஊர்த் தம்பதியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எங்களைப் பேச அழைத்தபோது முதலில் தயங்கினோம். சொல்லப்போவது பெருமைக்குரிய கதை இல்லை. வட்டிக்குக் கடன் வாங்கி வீடு கட்டியவர்கள் நாங்கள். வட்டி ஹராம் என்பது தெரியாமல் வாங்கவில்லை, தெரிந்தே வாங்கினோம். "எல்லாரும்தானே வாங்குகிறார்கள்" என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டோம். அந்தத் தவறிலிருந்து எப்படி வெளியே வந்தோம் என்பது யாராவது ஒரு குடும்பத்துக்குப் பயன்படட்டும் என்றுதான் இங்கே நிற்கிறோம்.

எங்கள் அத்தா கரிசல்காட்டு மானாவாரி விவசாயி. புரட்டாசியில் வானத்தைப் பார்த்து விதைத்து, தை மாசியில் உளுந்தும் பருத்தியும் வீடு வந்தால்தான் கையில் காசு. எங்களுக்கோ தீப்பெட்டி ஆலையில் கணக்கு எழுதும் வேலை, மாதச் சம்பளம். சம்பளம் வருகிறது என்ற தைரியத்தில் 2017 ஜனவரியில் 6 லட்சம் வீட்டுக்கடன் வாங்கினோம். 15 ஆண்டு, 10 சதவீத வட்டி, மாதத் தவணை 6,448 ரூபாய். வாடகை கொடுப்பதுபோலக் கொடுத்துவிட்டுப் போவோம் என்று நினைத்தோம்.

ஜனாஸாவில் எழுந்த ஒரு குரல்

2018 கடைசியில் அத்தா மவுத்தானார்கள். தொழுகைக்கு முன் வழக்கமான அறிவிப்பு: மய்யித்துக்கு யாரிடமாவது கொடுக்கல் வாங்கல் இருந்தால் சொல்லுங்கள், பிள்ளைகள் பொறுப்பேற்கிறார்கள். பின் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, விதையும் உரமும் வாங்கிய வகையில் 4,500 ரூபாய் நிற்கிறது என்றார். அத்தா அதை எங்களிடம் சொல்லியதே இல்லை. அன்று மாலையே கொடுத்துவிட்டோம்.

நபி (ஸல்) அவர்கள் ஜனாஸா தொழுவிக்குமுன் இறந்தவருக்குக் கடன் உண்டா என்று விசாரித்ததையும், கடனிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடியதையும் எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறோம். அன்று இரவுதான் அது எங்கள் வீட்டுப் பேச்சாயிற்று. 4,500 ரூபாய்க்கு ஒருவர் எழுந்து நின்றாரே, நாளை நமக்காக எத்தனை லட்சத்துக்குக் குரல் எழும்?

மறுவாரம் கடன் கொடுத்த அலுவலகத்துக்குப் போய்க் கணக்கு விவரம் வாங்கினோம். இரண்டு ஆண்டில் கட்டியது 1,54,752 ரூபாய். அசலில் குறைந்திருந்தது வெறும் 38 ஆயிரத்துச் சொச்சம். இன்னும் 5 லட்சத்து 61 ஆயிரத்துக்கு மேல் பாக்கி. ஏமாற்றிவிட்டார்களோ என்று சண்டைக்கே போனோம். ஏமாற்று எதுவும் இல்லை, கணக்கே அப்படித்தான். 6 லட்சத்துக்கு 10 சதவீதம் என்றால் முதல் மாத வட்டி 5,000. தவணை 6,448-இல் அது போக அசலுக்குச் சேர்வது 1,448 மட்டும். தொடக்க ஆண்டுகளில் நாம் கட்டுவதெல்லாம் பெரும்பாலும் வட்டி. 15 ஆண்டும் அப்படியே கட்டியிருந்தால் 6 லட்சத்துக்கு 11 லட்சத்து 60 ஆயிரம் கொடுத்திருப்போம்.

அந்தக் கணக்குக்குள்ளேயே வழியும் இருந்தது. தவணைக்கு மேல் கட்டும் ஒவ்வொரு ரூபாயும் நேராக அசலைக் குறைக்கும். அசல் குறைந்தால் அடுத்த மாதத்து வட்டியும் குறையும்.

மூவாயிரம் எங்கிருந்து வந்தது?

அப்போது சம்பளம் 17 ஆயிரம். வீட்டில் தையல் மெஷின் இருந்தது, எப்போதாவதுதான் ஓடும். இருவரும் உட்கார்ந்து ஒரு மாதச் செலவை நோட்டில் எழுதினோம். வேலைக்குப் பைக்கை விட்டுச் சைக்கிளில் போனதில் 800 ரூபாய் மிஞ்சியது. வாரக் கடைசிப் புரோட்டாவும் பேக்கரியும் நின்றதில் 700. கேபிளும் போன் ரீசார்ஜும் குறைத்ததில் 300. பள்ளிச் சீருடையும் ரவிக்கையும் தைத்துக் கொடுத்ததில் மாதம் 1,200. ஆக மொத்தம் 3,000. அதைச் சம்பளம் வந்த அன்றே அசலுக்குக் கட்டினோம். மாதக் கடைசியில் மிச்சம் பார்த்துக் கட்டலாம் என்றால் மிச்சமே இருக்காது.

அதோடு போனஸையும் நிலத்திலிருந்து வந்த பங்கையும் சேர்த்து ஆண்டுக்கு 25 ஆயிரம். பெருநாளைக்குப் பிள்ளைகளுக்கு ஒரு செட் துணி, எங்களுக்கு இருப்பதைத் துவைத்து இஸ்திரி போட்டது. கம்பங்கூழும் சோளச்சோறும் அத்தா காலத்தோடு போயிருந்தன, திரும்ப வந்தன. பிள்ளைகளின் பால், பள்ளிக் கட்டணம், ஜகாத், சதக்கா இவற்றில் கை வைப்பதில்லை என்று முதலிலேயே முடிவு செய்தோம்.

2020 ஊரடங்கில் ஆலை மூடியபோது கூடுதல் தொகையை நான்கு மாதம் நிறுத்தினோம். ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி அனுமதி தந்தது. தள்ளிப்போட்டாலும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும் என்று தெரிந்ததால், நகையை அடகு வைக்காமல் முடிந்தவரை தவணையை மட்டுமாவது கட்டிவந்தோம்.

நாங்கள் செய்த தப்பு

இதைச் சொல்லாமல் போனால் உரை முழுமையாகாது. பாக்கி குறையக் குறைய எங்களுக்கு ஒரு வெறி பிடித்துவிட்டது. அம்மாவுக்குக் கண்புரை. ஆபரேஷன் செய்யச் சொல்லியிருந்தார்கள். "இந்த ஆண்டுத் தொகையைக் கட்டிவிட்டுப் பார்ப்போம்" என்று தள்ளினோம். அம்மாவும் "எனக்கென்ன அவசரம்" என்றார்கள். 2022-இல் முற்றத்துப் படி தெரியாமல் விழுந்து அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்தது. அசலுக்கு வைத்திருந்த பணம் அப்படியே வைத்தியத்துக்குப் போனது. அந்த ஆண்டுத் தொகைக்கு ஒரு சின்னச் சங்கிலியை விற்றோம். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா எங்கள் முகத்தைப் பார்த்து, "இப்படி மெலிஞ்சு போயிட்டீங்களே" என்றுதான் சொன்னார்கள். எங்களைக் குறை சொல்லவில்லை. அது இன்னும் வலிக்கிறது. வீண்செலவைக் குறைப்பது சிக்கனம். உரியவரின் ஹக்கைப் பிடித்து வைப்பது கஞ்சத்தனம். எங்களுக்கு அந்த எல்லை மறந்து போயிருந்தது.

2024 ஜனவரியில் மீதி 63 ஆயிரத்துச் சொச்சத்தை மீதமிருந்த நகையைக் கொடுத்து அடைத்தோம். இடையில் வட்டி விகிதம் ஏறி இறங்கியது, ஊரடங்கில் விட்டுப்போனதைப் பின்னர் ஈடுகட்டினோம். அந்த வித்தியாசங்களை ஒதுக்கிச் சுற்றுக்கணக்காகச் சொன்னால், கட்டிய மொத்தம் 8 லட்சத்து 85 ஆயிரம். மிஞ்சியது 2 லட்சத்து 75 ஆயிரமும் எட்டு ஆண்டுகளும். அல்ஹம்துலில்லாஹ்!

கடனில் இருக்கும் குடும்பங்களுக்கு

முதலாவது, மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் வாங்கக் கூடாது என்று 2012-லேயே வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி உத்தரவிட்டுள்ளது. யாராவது கேட்டால் எழுத்தில் கேளுங்கள்.

இரண்டாவது, கூடுதல் பணம் கட்டும்போது "இது அசலுக்கு, தவணைத் தொகை அப்படியே இருக்கட்டும், காலத்தைக் குறையுங்கள்" என்று கடிதம் கொடுத்து ரசீது வாங்குங்கள். முதல் தடவை இதைச் செய்யாததால் எங்கள் பணம் அடுத்த மாதத் தவணையாக வரவு வைக்கப்பட்டது.

மூன்றாவது, வேறு கடனும் இருந்தால் அதிக வட்டிக் கடனை முதலில் முடியுங்கள். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடுக்க 2003-இல் தமிழ்நாட்டில் தனிச்சட்டமே வந்தது. அதில் சிக்கியவர்கள் வெட்கப்பட்டு மறைக்காமல் ஜமாஅத்திடம் சொல்லுங்கள்.

நான்காவது, கடன் முடிந்ததும் அசல் பத்திரங்களை 30 நாளுக்குள் திருப்பித் தரவேண்டும், அவர்கள் பக்கம் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் நடப்பில் உள்ள விதி. பத்திரத்தை வாங்கியதோடு நின்றுவிடாதீர்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமானத்தைப் பதிந்திருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீதையும் பதிவு செய்யுங்கள். பிறகு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள்.

ஐந்தாவது, கொடுக்க வேண்டியதையும் வர வேண்டியதையும் ஒரு நோட்டில் எழுதி வைத்து, மனைவி மக்களுக்குக் காட்டுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதச் சொல்லும் வசனம்தான் (2:282) குர்ஆனிலேயே நீளமானது.

இன்னும் கடன் வாங்காத இளம் தம்பதியருக்கு ஒரு வார்த்தை. முதலில் ஓர் அறை, சமையற்கட்டு, கூரை. கையிருப்பு சேரச் சேர மற்றது. அவசரப்பட்டு எங்கள் வழியில் வராதீர்கள். கைமாற்றுக் கொடுத்த வசதியுள்ளவர்களுக்கும் ஒன்று. சிரமப்படுபவருக்கு அவகாசம் கொடுக்கவும், முடிந்தால் விட்டுக்கொடுக்கவும் அல்லாஹ் சொல்கிறான் (2:280). ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் கடனாளியும் ஒருவர் (9:60). நம் தெருவில் அப்படி யார் என்று விசாரியுங்கள்.

பத்திரம் வீட்டுக்கு வந்த அன்று அதை அம்மா மடியில் வைத்தோம். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார்கள். பிறகு, "உங்க அத்தாவுக்காக துஆ செய்யுங்க" என்றார்கள். நீங்களும் எங்கள் அத்தாவுக்காகவும், கடனோடு போராடும் ஒவ்வொரு குடும்பத்துக்காகவும் துஆ செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.