கரண்டு பில்லும் நம்ம வரிப்பணமும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



விடியுமுன்னே ஏலத்தோட்டத்து ஜீப்பைப் பிடிக்க, இருட்டுச் சந்துக்குள் டார்ச் அடித்துக்கொண்டு வருகிறோம். பொழுது நல்லா விடிந்த பிறகும் மெயின் ரோட்டில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். மனு கொடுக்க ஆபீசுக்குப் போனால், ஆள் இல்லாத அறையில் ஃபேன் சுற்றும். "கவர்மெண்டு கரண்டுதானே, நமக்கென்ன?" என்று நாங்களும் பேசாமல் வந்தவர்கள்தான்.

ஆனால் போடி நகராட்சி ஆனாலும், மலையடிவாரத்து ஊராட்சி ஆனாலும், அந்த பில் யார் பணம்? நாம் கட்டும் வீட்டு வரியும் தண்ணீர் வரியும் அதில் இருக்கிறது. அதில் வீணாகும் ரூபாய்தான், நம்ம சந்துக்கு வராத விளக்கு.

குழுக் கணக்கு எழுதுகிற நமக்கு இந்தக் கணக்கு பெரிசில்லை. பழைய ஃபேன் ஒன்று 75 வாட். பத்து ஃபேன் எட்டு மணி நேரம் ஓடினால் 6 யூனிட். இப்போது வரும் பி.எல்.டி.சி. ஃபேன் சுமார் 30 வாட்தான். அதே நேரம் ஓடினால் 2.4 யூனிட். முப்பது நாளில் 108 யூனிட் மிச்சம். 40 வாட் பழைய டியூப்லைட், சோக்கையும் சேர்த்து 50 வாட்டுக்கு மேல் இழுக்கும். எல்.இ.டி. டியூப்புக்கு 20 வாட் போதும். வாங்கும்போது விலை கூடத்தான். மாதாமாதம் பில்லில் திரும்பி வரும்.

மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஊராட்சியின் கரண்டு பில் ஏறிக்கொண்டே போனதால் மாற்று வழி தேடினார்கள். 2006-இல் பேங்க் கடனும் வாங்கி, 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வைத்தார்கள். தேவைக்குப் போக மீதியை மின்வாரியத்துக்கு விற்று, அந்த வருமானத்தில் கடனையும் அடைத்தார்கள். கடன் வாங்கி, தொழில் செய்து, தவணை தவறாமல் கட்டுவது நமக்குத் தெரியாத வித்தையா?

நாம காற்றாலைக்குப் போக வேண்டாம். முதலில், கூட்டம் முடிந்ததும் நம்ம கூட்ட அறை சுவிட்சை யார் அணைப்பது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுவோம். அடுத்து, ஊராட்சிப் பகுதி சகோதரிகள் கிராம சபையில் எழுந்து, "போன வருஷம் கரண்டு பில் எவ்வளவு? எந்தக் கட்டிடத்துக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். டவுனில் இருப்பவர்கள் வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள். மிச்சமாகும் பணத்தில் முதல் விளக்கு, ஜீப் ஏறப் போகும் அந்தச் சந்துக்கு வேண்டும் என்று சேர்த்தே கேளுங்கள்.

சண்டை வேண்டாம், கணக்குக் கேட்போம். அது நமக்குப் பழகின வேலைதானே!