யாழ் நூல் காட்டும் வழி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



கலை வேறு, விஞ்ஞானம் வேறு, கைத்தொழில் வேறு என்று பிரித்தே நாம் பிள்ளைகளைப் படிப்பிக்கின்றோம். கணிதத்தில் வல்லவனைப் பார்த்து, "உனக்கேன் மத்தளம்?" என்கின்றோம். கூத்தில் நாட்டமுள்ளவனைப் பார்த்து, "அது சோறு போடுமா?" என்கின்றோம். இந்தப் பிரிவினை சரிதானா என்பதைச் சற்றுச் சிந்திப்போம்.

நம் ஈழநாட்டிலே இப்பிரிவினையைக் கடந்து நின்றவர் சுவாமி விபுலாநந்தர். 1892ஆம் ஆண்டு காரைதீவிலே பிறந்த அவர், மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர். இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரியுமாவார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானார். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் யாழாசிரியனைப் பற்றி வரும் பகுதியை அடிப்படையாகக் கொண்டு, வழக்கொழிந்துபோன யாழ்க் கருவிகளை ஆராய்ந்தார்.

இவ்வாய்வுக்குத் தமிழறிவு மட்டும் போதவில்லை. ஒரே முறுக்கிலுள்ள நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வு இரட்டிக்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால், குரலுக்கு ஐந்தாவதாகிய இளி பிறக்கும். இது பௌதிகம். எந்த மரத்தை எப்படிக் குடைவது என்பது தச்சன் அறிவு. பண் இன்னதெனக் காதால் உணர்வது கலை. மூன்றும் கூடியே 'யாழ் நூல்' உருவாயிற்று. 1947ஆம் ஆண்டு யூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அது அரங்கேறியது. யூலை 19ஆந் திகதி சுவாமிகள் இறைவனடி சேர்ந்தார்.

விபுலாநந்தர்கள் நாள்தோறும் பிறப்பதில்லை. ஆகவே, ஒருவரிடம் அமைந்த மூன்றறிவையும் மூவர் கூடி அமர்ந்து பெறவேண்டும். அதற்கோர் இடம் வேண்டும். அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திலே, கெபெஸ் என்னும் ஓவியர் 1967இல் அத்தகைய நிலையம் ஒன்றைத் தொடக்கினார். ஓவியரும் சிற்பிகளும் விஞ்ஞானிகளோடும் பொறியியலாளரோடும் அங்கே கூடி உழைத்தனர்.

நம் வன்னியின் நிலை என்ன? கிளிநொச்சி அறிவியல்நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழினுட்ப பீடங்கள் இருக்கின்றன. வவுனியா வளாகம் 2021 ஓகத்து முதலாந் திகதி தனிப் பல்கலைக்கழகமாயிற்று. ஆனால், இசையும் நடனமும் பயிற்றும் இராமநாதன் பெயர் தாங்கிய கலைக்கூடமோ ஆனையிறவுக்கு அப்பால், மருதனார்மடத்திலே இருக்கின்றது. இவற்றை இணைக்கும் ஆராய்ச்சி நிலையம் ஒன்று வன்னி மண்ணிலே அமையவேண்டும் என்பதே எம் வேண்டுகோள்.

"ஆராய்வதற்கு இங்கே என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்கலாம். வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் சந்நிதியை அறியாதார் நம்மில் யார்? கண்ணகி வழக்குரைத்த கதை நமக்கு ஏட்டில் மட்டும் இருப்பதன்று. முல்லைத்தீவுப் பகுதியிலே அது கோவலன் கூத்தாக ஆடப்பெறுகின்றது. அதன் மெட்டும் தாளமும் அண்ணாவிமாரின் நெஞ்சிலே இருக்கின்றன. 2009இல் முடிந்த போரிலே ஏடுகளையும் இழந்தோம், ஆட்களையும் இழந்தோம். எஞ்சிய முதியோரும் போய்விட்டால், பின்பு எந்தப் பொறியும் அவற்றை மீட்டுத் தராது. ஒலியைச் செம்மையாகப் பதிவு செய்யப் பொறியியலாளன் வேண்டும்; பதிந்ததை வகுத்துரைக்க இசையறிந்தவன் வேண்டும்; மத்தளத்தின் தோலையும் மரத்தையும் விளக்கக் கைவினைஞன் வேண்டும்.

கலையோடு மட்டும் இது நின்றுவிடாது. போரிலே காலிழந்த உழவன் ஒருவன், செயற்கைக் காலோடு சேற்று வயலில் இறங்கவேண்டியிருக்கின்றது. அவனுக்கேற்ற பாதத்தை ஆக்குவதற்குப் பொறியியலும் விவசாய அறிவும் சிற்பியின் கையும் ஒருங்கே தேவை. தனித்தனியே எவராலும் அது கைகூடாது.

இளைஞர்களே! நிலையம் எழும்வரை நாம் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊரிலுள்ள அண்ணாவிமார், தச்சர், கொல்லர், குளத்து மதகின் நுட்பம் அறிந்த கமக்காரர் ஆகியோரின் பெயர்களை இவ்வாண்டே திரட்டுங்கள். அவர்கள் சம்மதத்தோடு, கையிலுள்ள தொலைபேசியிலேனும் அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். அப்பட்டியலோடு பல்கலைக்கழக வாயிலுக்குச் செல்வோம். வெறுங்கையோடு கேட்பதிலும், செய்த வேலையைக் காட்டிக் கேட்பது மேல்.

பெரியோர்களே! உங்களிடம் வரும் பிள்ளைகளை "பிறகு பார்ப்போம்" என்று திருப்பி அனுப்பாதீர்கள். உங்களுக்குத் தெரிந்ததை இப்போதே சொல்லிக் கொடுங்கள்.