பெயர் கேட்ட சபை

(ஆதரவாளர் கூடுகையில், நம் மருத்துவமனையில் ஊழியம் செய்யும் தம்பதியர் ஆற்றிய உரை)





இந்தக் கூடுகையில் வழக்கமாக டாக்டர்கள் பேசுவார்கள். இந்த ஆண்டு எங்களைப் பேசச் சொன்னார்கள். நாங்கள் இருவரும் டாக்டர்கள் அல்ல. ஒருவர் வார்டில் நர்ஸ், மற்றவர் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மருத்துவத்தைப் பற்றிச் சொல்ல எங்களுக்கு அதிகமில்லை. ஆனால் ஒரு புதிய ஊரில் ஒரு சபையைத் தேடி அலைந்த கதை எங்களிடம் உண்டு. அது இந்த மருத்துவமனையில் நடக்கும் ஒரு சிறிய ஊழியத்தின் கதையும் ஆகும்.

நாங்கள் கோலார் தங்கவயலைச் சேர்ந்தவர்கள். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்க வேலையைத் தொடங்கியபோது, வட ஆற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் பிழைப்புத் தேடி அங்கே போயின. எங்கள் முன்னோரும் அப்படிப் போனவர்கள்தான். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் இறங்கியது. அதற்குள் போகிறவன் திரும்பி வருவானா என்பது ஒவ்வொரு நாளும் வீட்டிலுள்ளவர்களின் ஜெபம். அதனால் அங்கே சபை என்பது ஞாயிற்றுக்கிழமைக் காரியம் மட்டுமல்ல. சங்கு தவறான நேரத்தில் ஊதினால், லைன் வீடுகளிலிருந்து எல்லாரும் ஓடி வருவார்கள். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அடுத்த வீட்டுக்குத் தெரியும்.

2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. பிள்ளைகள் பெங்களூருக்கும் சென்னைக்குமாகச் சிதறினார்கள். எங்களுக்குத் திருநெல்வேலியில் வேலை கிடைத்தது. 2002 ஜூன் மாதம், விதவையான எங்கள் அம்மாவையும் ஒரு தகரப் பெட்டியையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தோம்.

ஆலயம் நிறைந்த நகரம்

வருமுன்னே எல்லாரும் எங்களிடம், “திருநெல்வேலியா? அங்கே சபைக்கு என்ன குறை!” என்றார்கள். உண்மைதான். தாமிரபரணிக்கு மேற்கே திருநெல்வேலி, கிழக்கே பாளையங்கோட்டை. பாளையங்கோட்டையில் முருகன்குறிச்சி பக்கம் போனால் 1826-ல் ரேனியஸ் ஐயர் காலத்தில் எழுந்த தூய திரித்துவப் பேராலயத்தின் ஊசிக் கோபுரம் தெரியும். கத்தோலிக்கருக்குச் சவேரியார் பேராலயம். இவை தவிர சேகரந்தோறும் கோயில்கள், பெந்தெகொஸ்தே சபைகள், வீட்டுச் சபைகள். 2011 கணக்கெடுப்பில் மாநகராட்சியில் சுமார் 4.7 லட்சம் பேர். சென்னையைப் போல் பெரிதுமல்ல, தங்கவயல் லைனைப் போல் ஒருவரையொருவர் தெரிந்த இடமுமல்ல. இப்படிப்பட்ட நடுத்தர நகரத்தில் ஒரு விசேஷம் உண்டு. அங்கே உள்ளவர்களுக்கு ஏற்கெனவே எல்லாரையும் தெரியும். ஆகையால் புதிதாக வந்தவரைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவர்களுக்கு வருவதில்லை.

நாங்கள் முதலில் போய் உட்கார்ந்த ஆலயத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆராதனை ஒழுங்காக இருந்தது. பாடகர் குழு மிக நன்றாகப் பாடினார்கள். பிரசங்கமும் நன்று. ஆராதனை முடிந்ததும் எல்லாரும் தங்கள் தங்கள் உறவினரோடு வேப்பமரத்தடியில் நின்று பேசினார்கள். நாங்கள் மூவரும் செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ்சுக்கு நடந்தோம். ஏழு ஞாயிறுகள் அப்படியே. எட்டாவது ஞாயிறு ஒருவர் பக்கத்தில் வந்து, “எந்த ஊரு? யாரு வீடு?” என்று கேட்டார். “தங்கவயல்” என்றோம். “அது சரி, பூர்வீகம்?” என்றார். அவர் எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பது எங்களுக்குப் புரிந்தது. அதைச் சொல்லாமல் சிரித்து வைத்தோம். அவரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார். எங்கள் பெயரை அவர் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் வார்டு டியூட்டி, வாடகை வீட்டுப் பிரச்சினை, தண்ணீர்ப் பிரச்சினை. சில வாரம் போனோம், சில வாரம் போகவில்லை. அம்மா மட்டும் தவறாமல் போவார்கள். திரும்பி வந்ததும் நாங்கள் கேட்போம்: “இன்னைக்காவது யாராவது பேசினாங்களாம்மா?” “கோயில்ல கர்த்தர் இருக்கார், போதும்” என்பார்கள். ஆனால் போதவில்லை என்பது அவர்கள் முகத்தில் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு

2003-ம் ஆண்டு நவம்பரில் அம்மாவுக்கு இருதய நோய் முற்றி, இதே மருத்துவமனையில் மூன்று வாரம் படுத்திருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை இரவு கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்.

தங்கவயலுக்குக் கொண்டுபோக ஒரு இரவு முழுதும் பயணம். வண்டிக்குக் கொடுக்கப் பணமில்லை. அங்கேயும் வீட்டில் யாரும் மிச்சமில்லை. விடியுமுன் நாங்கள் போய்க்கொண்டிருந்த ஆலயத்தின் பொறுப்பாளர் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டினோம். அவர் கெட்டவரல்ல. வருத்தத்தோடுதான் சொன்னார்: “பதிவேட்டில் உங்கள் பெயர் இல்லையே. சங்கக் காணிக்கையும் கட்டியதில்லை. கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுக்கக் கமிட்டி கூட வேண்டும்.” ஆலயங்கள் நிறைந்த இந்த நகரத்தில் எங்கள் தாயாரை வைக்க ஆறடி மண் இல்லை என்று நினைத்து, நாங்கள் இருவரும் அந்தத் தெருவில் நின்று அழுதோம்.

மருத்துவமனைக்குத் திரும்பி வந்தபோது, வார்டு வாசலில் ஒரு வயதான உபதேசியார் உட்கார்ந்திருந்தார். நகரத்தின் ஓரத்தில் ஒரு சிறிய சபையில் ஊழியம் செய்தவர். வாரந்தோறும் சைக்கிளில் ஒரு பிளாஸ்க்கில் காபியோடு வந்து, யாரும் பார்க்க வராத நோயாளிகளிடம் போய் உட்காருவார். அம்மாவிடமும் உட்கார்ந்திருக்கிறார். அது எங்களுக்குத் தெரியாது. அவர் எங்கள் இருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அம்மா சொல்லியிருக்கிறார்கள். “எந்தச் சபை?” என்று அவர் கேட்கவில்லை. “அம்மாவை எங்க வைக்கப்போறீக? எங்க கோயிலுக்குக் கொண்டு வருவோமா?” என்றுதான் கேட்டார்.

அவர் போய்த் தம் சேகர குருவானவரோடு பேசினார். இதற்கிடையில் அம்மாவின் தகரப் பெட்டியில் வெள்ளைச் சேலை தேடினோம். அங்கே அவர்கள் வேதாகமத்துக்குள் ஒரு உறை இருந்தது. தங்கவயல் குருவானவர் 2002-ல் எழுதிக் கொடுத்த சபை மாற்றுக் கடிதம். எங்கள் மூவர் பெயரும் அதில் இருந்தது. “போனவுடனே கொடுத்திருங்க” என்று அவர் சொன்னதும் நினைவுக்கு வந்தது. அம்மா பலமுறை ஞாபகப்படுத்தியிருந்தார்கள். “அப்புறம் பார்ப்போம்” என்று தள்ளிப்போட்டவர்கள் நாங்கள்தான். ஒன்றரை ஆண்டு, நம்மை யாரும் விசாரிக்கவில்லை என்று குறைபட்டோம். நாங்களும் எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. இதை இன்று உங்கள் முன் மறைக்காமல் அறிக்கையிடுகிறோம்.

அந்தச் சனிக்கிழமை மாலை, அந்தச் சபையின் வாலிபர்கள் குழி வெட்டினார்கள். பெண்கள் சோறாக்கினார்கள். எங்களுக்கு முன்பின் தெரியாத சுமார் அறுபது பேர் அம்மாவின் பின்னால் நடந்தார்கள். அடக்க ஆராதனை முடிந்ததும் குருவானவர் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பதிவேட்டில் முதலாவது அம்மாவின் பெயரை எழுதினார். பின்பு எங்கள் பெயர்களை எழுதினார். அம்மாவைச் சபையில் சேர்த்த நாளும் அடக்கம் செய்த நாளும் ஒன்றே.

நாற்பது பெயர்கள்

பிற்பாடுதான் இந்த நகரத்துச் சபையின் துவக்கத்தை வாசித்து அறிந்தோம். உங்களில் பலருக்குத் தெரிந்த சரித்திரம்தான். தஞ்சாவூரிலிருந்து வந்த மராத்திய பிராமண விதவை ஒருவர், லிட்டில்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரியோடு பாளையங்கோட்டையில் வாழ்ந்தார். கிறிஸ்துவை அறிந்து ஞானஸ்நானம் கேட்டபோது, திருமணமின்றி வாழ்ந்த காரணத்தால் சுவார்ட்ஸ் ஐயர் கொடுக்க மறுத்தார். அந்த அதிகாரி இறந்தபின், 1778-ல் சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தபோது அவருக்குக் கிளாரிந்தா என்று பெயரிட்டு ஞானஸ்நானம் கொடுத்தார். சொந்த ஜனத்துக்கும் வெளியே, வெள்ளைக்காரருக்கும் வெளியே நின்ற பெண். அவர் தேடிச் சேர இங்கே ஒரு தமிழ்ச் சபை இருக்கவில்லை. ஆகவே அவரைச் சுற்றியே சபை உண்டாயிற்று. 1780-ம் ஆண்டுப் பதிவேட்டில் பல சாதிகளையும் சேர்ந்த 40 பெயர்கள் இருந்தன. 1785-ல் அவர் முயற்சியால் எழுந்த ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. இன்றும் அதைக் கிளாரிந்தா ஆலயம் என்கிறோம்.

ஆலயம் கட்டி முடியுமுன்னே பெயர்கள் எழுதப்பட்டுவிட்டன என்பதைக் கவனியுங்கள். பரிசுத்த பவுலும் அப்படித்தான். ரோமருக்கு எழுதின நிருபத்தின் 16-ம் அதிகாரத்தை நாம் வேகமாகப் புரட்டிவிடுகிறோம், அதில் வெறும் பெயர்கள்தானே என்று. முதல் பெயர் பெபேயாள். புதிய நகரத்துக்குப் போகிற ஒரு சகோதரிக்குப் பவுல் கொடுத்த மாற்றுக் கடிதம்தான் அது. அவளை ஏற்றுக்கொண்டு, வேண்டிய உதவியைச் செய்யும்படி ரோமாபுரிச் சபையைக் கேட்டுக்கொள்கிறார்.

எங்கள் சிறிய நோட்டுப் புத்தகம்

அம்மா போன பின்பு, அந்த உபதேசியார் ஐயா வழிகாட்ட, நாங்கள் ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கினோம். வெளியூரிலிருந்து வந்து இங்கே படுத்திருக்கிறவர்கள், அவர்களோடு வந்து வராந்தாவில் பாய் விரித்துக் கிடக்கிறவர்கள், புதிதாக வேலைக்குச் சேரும் நர்சுப் பிள்ளைகள் ஆகியோரிடம் பெயரையும், யார் வந்து பார்த்தால் சந்தோஷப்படுவார்கள் என்பதையும் கேட்டு எழுதுகிறோம். சாதியும் சபைப் பிரிவும் எழுத அதில் கட்டம் இல்லை. கத்தோலிக்கர் என்று சொன்னால் பங்குத் தந்தைக்குச் சொல்லி அனுப்புகிறோம். கிறிஸ்தவரல்லாதவர்களையும் விரும்பினால் போய்ப் பார்க்கிறோம். அவர்களிடம் மதத்தைப் பேசுவதில்லை, காபி கொடுத்துக் கதை கேட்கிறோம். உபதேசியார் ஐயா இன்று நம்மோடு இல்லை. அவருடைய பிளாஸ்க் இன்னும் சிற்றாலய அலமாரியில் இருக்கிறது.

பிரியமானவர்களே, உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவது, உங்கள் பிள்ளைகள் கோயம்புத்தூருக்கோ ஓசூருக்கோ வேலைக்குப் போகும்போது, முறுக்கு டப்பாவோடு குருவானவரின் கடிதத்தையும் கொடுத்தனுப்புங்கள். முதல் மாதத்திலேயே அதைக் கொடுக்கச் சொல்லுங்கள். பெரிய ஆராதனையோடு நிறுத்தாமல், வாரத்தில் நடக்கும் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கோ வாலிபர் ஐக்கியத்துக்கோ போகச் சொல்லுங்கள். கடைசிப் பெஞ்சில் தெரியாத முகம் பத்துப் பேர் உட்காரும் அறையில் தெரிந்துவிடும்.

இரண்டாவது, வருகிற ஞாயிறு உங்கள் ஆலயத்தில் உறவினரோடு பேச ஆரம்பிக்குமுன், தனியே செருப்பைத் தேடுகிற ஒருவரிடம் போய், “உங்க பேரு என்ன? எங்க தங்கியிருக்கீங்க? மதியம் சாப்பிட வாங்களேன்” என்று கேளுங்கள். “யாரு வீடு?” என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வி நம் சபைகளில் எத்தனை பேரை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறது என்று நமக்கே தெரியும்.

மூன்றாவது, உங்கள் காணிக்கை. அது மருந்தாகவும் படுக்கையாகவும் மாறுவதை நாங்கள் நாள்தோறும் காண்கிறோம். அதற்காக ஸ்தோத்திரம். ஆனால் 1910-ல் எடின்பரோ மகாநாட்டில், வெள்ளாளன்விளையில் பிறந்த நம் அசரியா ஐயர், மேல்நாட்டு மிஷனரிகளின் தியாகத்துக்கெல்லாம் நன்றி சொல்லிவிட்டு, அவர்களிடம் நட்பைக் கேட்டார் என்பதை நீங்கள் அறிவீர்கள். நாங்களும் அதையே கேட்கிறோம். மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம் ஒரு மணி நேரம் வாருங்கள். நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை உங்களிடம் தருகிறோம்.

எங்கள் அம்மாவை இந்த நகரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்ட முதல் மனிதர் அவர்களுடைய கடைசி மூன்று வாரத்தில்தான் வந்தார். அதற்கு முன்னே வந்திருக்கலாமே என்பது எங்கள் மனதில் இன்றும் உண்டு. இப்பொழுது வராந்தாவில் படுத்திருக்கும் ஒருவருக்கு நீங்கள் முந்தி வந்துவிடலாம்.

கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.