மாரியும் கோடையும்: நாவிதன்வெளியும் நிழற்படக் கலையும்

உருவங்களை ஒளியினால் பதித்து வைக்கும் வித்தை 1839ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அன்றுதொட்டு மனிதன் தன் முகத்தைப் படம் பிடிப்பதில் காட்டிய ஆவலைத் தன்னைத் தாங்கும் நிலத்தைப் படம் பிடிப்பதில் காட்டவில்லை. திருமண நாளில் நூறு படம் எடுப்போர், தாம் நீந்தி விளையாடிய குளக்கரையை ஒரு படமேனும் எடுத்து வைத்திருப்பதில்லை. 'குளம் எங்கே போய்விடும்?' என்பது அவர்தம் எண்ணம். குளமும் தூர்ந்து போகும், கரையும் உருமாறும் என்பதைக் காலம் பலமுறை காட்டியிருக்கிறது.

இயற்கைக் காட்சியைப் படமாக்க விரும்புவோர் பெரும்பாலும் நுவரெலியாவின் பனிமூட்டத்தையோ சிகிரியாவின் குன்றையோ நாடிச் செல்வர். ஒருநாள் சென்று, ஒருநாள் ஒளியில் எடுத்த படங்களோடு திரும்புவர். அதுவும் இன்பமே. ஆயினும் வீட்டுக்கு அண்மையிலுள்ள ஓரிடத்தை, ஆண்டு முழுவதும், பருவந்தோறும் மீண்டும் மீண்டும் சென்று படமாக்குவதில் வேறோர் இன்பம் உண்டு. முன்னது விருந்தினரின் இன்பம். பின்னது உறவினரின் இன்பம்.

இதற்கு அம்பாறை மாவட்டத்து நாவிதன்வெளியைக் காட்டிலும் பொருத்தமான இடம் தேடுவது அரிது. கல்முனையிலிருந்து மேற்கு நோக்கிச் சென்று, சேனைக்குடியிருப்பைக் கடந்து, கிட்டங்கித் தாம்போதியில் நீர்ப்பரப்பைத் தாண்டினால் நாவிதன்வெளி. அப்பால் சவளக்கடை, அன்னமலை, மத்திய முகாம் என ஊர்கள் விரிகின்றன. தமிழரும் முஸ்லிம்களும் வரம்போடு வரம்பாக வேளாண்மை செய்யும் மண் இது. பண்டைத் தமிழர் வகுத்த ஐந்திணையுள் மருதமும் நெய்தலும் இங்கே ஒரு காலைநேர நடைக்குள் அடங்கிவிடுகின்றன. கிழக்கே கடல், நடுவே வாவியோடு தொடர்புற்ற நீர்நிலைகள், மேற்கே வயல்வெளி. இவற்றையெல்லாம் ஒரே நாளில் கமராவுக்குள் அடக்கலாம்.

மேனாட்டார் வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என நான்காகப் பகுப்பர். பழந்தமிழர் கார், கூதிர் தொடங்கி ஆறாகப் பகுத்தனர். கீழ்க்கரை உழவனுக்கோ மாரி, கோடை என்னும் இரண்டே போதும். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏழரைப் பாகையளவில் இவ்வூர் அமைந்திருப்பதால், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணி நேர வேறுபாடுகூட இல்லை. ஆகவே இங்கே பருவத்தை அறிவிப்பவை காற்றும் நீருமே. இவ்விரண்டையும் பார்க்கப் பழகாதவன் கையில் எத்துணை விலையுயர்ந்த கமரா இருந்தும் பயனில்லை.

ஐப்பசியில் பிற்பகல்தோறும் இடிமேகங்கள் கோபுரம்போல் எழும். கறுப்பு வெள்ளைப் படம் எடுப்போர் வில்லையின் முன் மஞ்சள் வடிகட்டியை மாட்டினால், வானின் நீலம் சற்றே கறுக்க, மேகத்தின் வெண்மை திரண்டு நிற்கும். பெரும்போகத்துக்கு உழுத வயல் அப்போது சேறும் நீருமாய்க் கிடக்கும். உழவு இயந்திரத்தின் பின்னே கொக்குகள் வரிசையாய்ப் பின்தொடரும். இங்கேதான் புதியவர் ஏமாறுவர். ஒளியளவைக் கருவி கரிய சேற்றைக் கண்டு ஒளியை மிகுதியாக ஏற்க, கொக்கு இறகுமின்றி உருவுமின்றி வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். சேற்றின் இருளைச் சற்றே விட்டுக்கொடுத்து ஒளியைக் குறைத்தால், ஒவ்வோர் இறகும் தெரியும். எதைக் காப்பது, எதை இழப்பது என்று தீர்மானிப்பதே இக்கலையின் முதற்பாடம்.

கார்த்திகை, மார்கழியில் வாடை வீசும், மாரி ஓங்கும். வெயிலற்ற அந்நாட்களைப் பலர் வீணென்று ஒதுக்குவர். உண்மையில், நிழலின்றிப் பரவிய அம்மென்மையான ஒளியில்தான் நெற்பயிரின் பச்சையும் ஆம்பலின் செம்மையும் முழு நிறம் பெறுகின்றன. ஆனால் வெள்ளம் அழகுக்காக மட்டும் வருவதன்று. பல மாரிகளில் கிட்டங்கித் தாம்போதி நீரில் மூழ்கி, கல்முனைக்கும் நாவிதன்வெளிக்கும் இடையே போக்குவரத்து நின்றதுண்டு. 2024ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில், இப்பகுதிக்குத் தெற்கே மாவடிப்பள்ளியில், வீடு திரும்பிக்கொண்டிருந்த மதரசா மாணவர் சிலர் உழவு இயந்திரத்தோடு வெள்ளத்தில் அகப்பட்டு உயிரிழந்தனர். முழங்காலளவு எனத் தோன்றும் நீரின் வேகத்தை எந்தப் படமும் காட்டாது. வெள்ளத்தைக் கரையில் நின்று படமெடுப்பவனே அறிவுடையான்.

தை பிறந்து மழை தணிந்ததும் ஆண்டின் மிகத் தெளிந்த ஒளி கிடைக்கிறது. விடியலில் வயலின்மேல் மென்பனி தவழும். வடபுலத்திலிருந்து வந்து தங்கிய ஆலாக்களும் உள்ளான்களும் நீரோரங்களை நிறைத்திருக்கும். காற்று அடங்கிய அவ்வேளையில் வாவி கண்ணாடியாகிறது. நீரில் தோன்றும் வானம் மேலுள்ள வானத்தைவிடச் சற்று இருண்டே இருக்கும் என்பது படமெடுக்கத் தொடங்கிய பின்னரே பலருக்குத் தெரியவருகிறது. ஆயினும் விரைய வேண்டும். இந்நாட்டில் கதிரவன் ஏறத்தாழச் செங்குத்தாக எழுவதால், பொன்னொளி அரை மணி நேரங்கூட நிலைப்பதில்லை.

மாசி, பங்குனியில் வேளாண்மை முற்றி அறுவடை தொடங்கும். சித்திரையை ஒட்டிக் கதிரவன் நேர் உச்சிக்கு வருகிறான். ஆவணியில் மீண்டும் ஒருமுறை வருகிறான். அந்நாட்களில் நண்பகலில் தென்னையின் நிழல் அதன் காலடியிலேயே ஒடுங்கிவிடும். நிழலற்ற நிலம் படத்தில் தட்டையாகத் தெரியும். ஆதலால் உச்சிப்பொழுதை உறக்கத்துக்கு விட்டு, காலையையும் மாலையையும் படத்துக்கு வைத்துக்கொள்வது நன்று.

ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் வீசுகிறது. மலைகளைத் தாண்டி ஈரத்தையெல்லாம் உதிர்த்துவிட்டு வரும் வெப்பக் காற்று அது. புல் கருகும், நீர்நிலைகள் சுருங்கும், சேறு வெடித்து வலைப்பின்னலாகும். எஞ்சிய குட்டைகளில் நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடும். இக்காய்ச்சலின் நடுவே ஓரிடத்தில் மட்டும் பசுமை விரிந்திருப்பின், அது சிறுபோக வயல் என்று அறியலாம். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும், இங்கினியாகலையில் தேக்கிய சேனாநாயக்க சமுத்திரத்தின் நீரும் வரைந்த பசுமை அது. பழுப்புக்கும் பச்சைக்கும் நடுவே ஓடும் வாய்க்காலை ஒரே படத்தில் அடக்கினால், நீரின் அருமையைக் கூற வேறு சொற்பொழிவு வேண்டியதில்லை.

இவ்வாறு ஓரிடத்தைத் தொடர்ந்து படமாக்குவோர் ஒரு சிறிய ஒழுங்கைக் கடைப்பிடித்தல் வேண்டும். ஒரு மதகையோ தனிப்பனையையோ அடையாளமாகக் கொண்டு, மாதந்தோறும் அதே இடத்தில் நின்று, அதே திசை நோக்கி ஒரு படம் எடுக்க வேண்டும். கிழக்கு நோக்கி நின்றால், ஆனியில் பனைக்கு இடப்புறம் எழுந்த கதிரவன் மார்கழியில் வலப்புறம் எழுவதைப் பன்னிரண்டு படங்களும் சேர்ந்து காட்டும். நாளையும் நேரத்தையும் குறித்து வைத்தல் இன்றியமையாதது. விதைத்த வயலில் கால் வையாமல் வரம்பில் நடத்தல், வயலுக்குரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டல், கூடு கட்டிய பறவையை அணுகாதிருத்தல் ஆகியன கலைஞனின் பண்புகள். அந்திக்குப்பின் காட்டு யானைகள் வயல் நாடி வருவதுண்டாதலால், இருட்டுமுன் வீடு திரும்புதலும் வேண்டும்.

கருவி எளியதெனக் கவலைப்பட வேண்டியதில்லை. தமிழறிஞர் அ. மாதவையாவின் மைந்தரான மா. கிருஷ்ணன் (1912–1996) காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்துப் புகழ்பெற்றார். பல பாகங்களை ஒட்டவைத்து உருவாக்கிய கனத்த கமராவையே அவர் நெடுங்காலம் சுமந்து திரிந்தார். அவருக்குப் பெருந்துணையாக இருந்தவை பொறுமையும் விலங்கின் இயல்பை அறிந்த அறிவுமே. இன்று பலர் சட்டைப்பையிலேயே கமராவுள்ள கைபேசி இருக்கிறது. இல்லாதது காத்திருக்கும் மனமே.

இத்துணை உழைப்பும் எதற்கு என்று சிலர் வினவலாம். கொழும்பில் வாழ்ந்த லயனல் வென்ட், இந்நாட்டின் மனிதரையும் நிலத்தையும் நிகரற்ற முறையில் படமாக்கி 1944இல் மறைந்தார். அவருடைய மூலச்சுருள்கள் பின்னர் அழிந்தன. எஞ்சிய படப்பிரதிகளும் 1950இல் வெளியான நூலுமே அவர் கண்ட இலங்கையை நமக்குக் காட்டுகின்றன. படம் எடுத்தால் மட்டும் போதாது. ஒன்றுக்கு இரண்டாய்ப் பிரதி செய்து, வெவ்வேறு இடங்களில் காத்தலும் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

அம்பாறைக் கரைக்கு இப்பாடம் இன்னும் கசப்பாகக் கற்பிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் எழுந்தபோது, இம்மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது எனக் கரையோரத் தெருக்கள் தரைமட்டமாயின. வீட்டோடு அலமாரியும், அலமாரியோடு படங்களும் போயின. பின்னர் வந்த பிள்ளைகளுக்கு, 'இங்கே தென்னந்தோப்பு இருந்தது, அங்கே வாடி இருந்தது' என்று விரலால் சுட்ட மட்டுமே பெரியோரால் இயன்றது. சுட்டிய இடத்தில் மணல்தான் இருந்தது.

ஆழிப்பேரலை ஒரே நாளில் செய்ததைக் காலம் ஓசையின்றிச் செய்கிறது. களவெட்டியில் குவித்த சூடும், எருமைகள் சுற்றிவந்து மிதித்த இரவுகளும் இன்று முதியோரின் பேச்சில் வாழ்கின்றன. அறுவடை இயந்திரம் வயலிலேயே நெல்லைப் பிரித்துத் தந்துவிடுகிறது. உழைப்பு குறைந்தது நன்மையே. அதை எவரும் குறை கூறார். ஆயினும் அக்காட்சியை எவரேனும் ஒருவர், ஒரு மாசி மாத விடியலில், நின்று படமெடுத்து வைத்திருந்தால், அது இன்று எத்துணை பெரிய செல்வம்!

இன்று அன்றாடமெனத் தோன்றும் காட்சியே நாளை அரிய காட்சி. கிட்டங்கியில் வலை வீசும் மீனவனும், வரம்பில் புல் சுமந்து வரும் மூதாட்டியும், மதகின்மேல் அமர்ந்த மீன்கொத்தியும் என்றும் இருப்பர் என்று எண்ணிவிடலாகாது. அடுத்த மாரி தொடங்குமுன் ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டு, அங்கே முதற்படத்தை எடுப்போர், தம் இன்பத்துக்காகத் தொடங்கிய ஒன்றைத் தம் ஊருக்கான ஆவணமாக முடிப்பர்.