மனு எழுதும் முன்னே ராத்திரியில் ஒரு நடை போய்ப் பாருங்க

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில், திருவொற்றியூர் பகுதியிலிருந்து வந்த சகோதரி ஒருவர் பேசியது)



மீஞ்சூர், பொன்னேரி பக்கமிருந்தெல்லாம் காலையிலேயே சமையலை முடிச்சிட்டு பஸ் பிடிச்சு வந்திருக்கீங்க. வீடு இல்லாதவங்களுக்காக அரசு மானியம் கேட்டு எப்படி விண்ணப்பிக்கிறதுன்னு பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டாங்க. "கிராமத்து சகோதரிகளுக்கு ராயபுரம் பிளாட்பாரக் கதை எதுக்குக்கா?" என்று உங்க தலைவியைக் கேட்டேன். "அங்க படுத்திருக்கிறவங்கள்ல எங்க ஊர்க்காரங்களும் இருக்காங்கம்மா" என்றார். அதுக்கு மேல நான் ஒன்றும் பேசவில்லை. காசிமேட்டில் மீன் சுத்தம் பண்ணிவிட்டு கல்மண்டபம் பக்கம் கடைத் திண்ணையில் படுக்கிற பெண்களிடம் ஊர் எதுன்னு கேட்டால், பாதி பேர் ஏதாவது ஒரு கிராமத்தின் பேரைத்தான் சொல்வாங்க.

முதலில் நாங்க செய்த தப்பைச் சொல்லிடுறேன். வீடற்ற பெண்களுக்கு ஒரு காப்பகம் வேணும்னு எங்க கூட்டமைப்பில் தீர்மானம் போட்டோம். அழகான கையெழுத்தில் மனு எழுதினோம். "எங்கள் பகுதியில் சுமார் இருநூறு பேர் வீடின்றித் தவிக்கிறார்கள்" என்று எழுதினோம். மனுவைப் படித்த அதிகாரி மூணே கேள்விதான் கேட்டார். எந்தத் தெரு? அதில் பெண்கள் எத்தனை பேர்? கைக்குழந்தையோடு எத்தனை பேர்? எங்க யாருக்கும் பதில் தெரியலை. இருநூறுங்கிறது நாங்க டீ குடிச்சுக்கிட்டே போட்ட கணக்கு. மனு திரும்பி வந்தது. அன்றைக்கு அவர் மேல எனக்குக் கோபம். இப்போ யோசிச்சால், அவர் கேட்டதில் என்ன தப்பு?

அதுக்கப்புறம் ஆறு பேர் சேர்ந்து, ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு டார்ச் லைட்டோடு ராத்திரி பத்து மணிக்கு மேல் நடந்தோம். வீட்டுக்காரங்க திட்டினாங்க, அது தனிக் கதை. பகலில் பார்க்கிற ஆட்கள் வேற, ராத்திரியில் படுக்கிற ஆட்கள் வேற என்று அப்போதான் தெரிந்தது. ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலில் படுத்திருந்தவங்களில் பலர் வீடில்லாதவங்களே இல்லை. உள்ளே நோயாளி, வெளியே துணைக்கு வந்தவங்க. இன்னொரு அம்மா சொன்னாங்க: "எனக்குப் பெரும்பாக்கத்துல வீடு இருக்கு கண்ணு. ஆனா விடியக்காலை மூணு மணிக்கு மீன் ஏலத்துக்கு அங்கேயிருந்து எப்படி வர்றது?" பெரும்பாக்கம் இங்கேயிருந்து சுமார் 30 கிலோமீட்டர். வீடு கொடுத்தாச்சு, பிழைப்பு இங்கேயே நின்னு போச்சு. இவங்களுக்குக் காப்பகமா, வாடகை வீடா, பஸ்ஸா, எது தேவைன்னு மனு எழுதுறவங்களுக்குத் தெரியணும் இல்லையா? மூணு கூட்டத்துக்கும் ஒரே மருந்து கிடையாது.

இந்த உதவியை யாரோ இரக்கப்பட்டுக் கொடுக்கிறாங்கன்னு நினைக்காதீங்க. 2001-ல் தொடுத்த உணவு உரிமை வழக்கில், 2010-ல் உச்ச நீதிமன்றம் வீடற்றவங்களைப் பற்றியும் உத்தரவு போட்டது. டெல்லிக் குளிரில் தெருவில் கிடந்தவங்க பட்ட பாட்டை நீதிமன்றத்தின் ஆணையர்கள் எழுதித் தெரிவித்ததுதான் அதுக்குக் காரணம். பெரிய நகரங்களில் லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம், அதுவும் 24 மணி நேரமும், வருஷம் முழுக்க. 2011 கணக்கெடுப்பின்படி விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சியில் சுமார் 67 லட்சம் பேர். லட்சத்துக்கு ஒன்று என்றால் எத்தனை வரும்னு நீங்களே போட்டுப் பாருங்க. அதே கணக்கெடுப்பில் நாடு முழுக்க வீடற்றவங்க 17 லட்சத்துக்கும் மேல்.

2013-ல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தில் காப்பகங்களுக்கென்றே ஒரு பிரிவு இருந்தது. கட்டடச் செலவு தனி. 50 பேர் தங்கும் காப்பகத்துக்கு நடத்தும் செலவு வருஷத்துக்கு 6 லட்சம் ரூபாய். தொண்டு நிறுவனங்கள் மாதிரியே நம்மைப் போன்ற சுய உதவிக் குழுக் கூட்டமைப்புகளும் பொறுப்பெடுத்து நடத்தலாம் என்றிருந்தது. "ஆறு லட்சமா!" என்று எங்க கூட்டத்தில் கைதட்டினாங்க. எங்க பொருளாளர் அக்கா மட்டும் கைதட்டாமல் பேனாவை எடுத்தாங்க. மாசத்துக்கு 50 ஆயிரம். ஒரு ஆளுக்கு மாசம் ஆயிரம். நாளைக்கு 33 ரூபாய். இதிலேதான் மேலாளர் சம்பளம், பகலும் இரவும் முறை மாற்றி நிற்கிற பராமரிப்பாளர்கள் சம்பளம், கரண்ட், தண்ணி, சோப்பு, பினாயில், கிழிஞ்ச பாயை மாற்றுற செலவு எல்லாம். சாப்பாடு எங்கேயிருந்து வரும்? அதனால் மனு எழுதும்போதே, யார் அரிசி தருவாங்க, யார் பழைய துணி தருவாங்கன்னு இன்னொரு பட்டியலும் கையில் இருக்கணும்.

அந்த இயக்கம் 2024 செப்டம்பரோடு முடிஞ்சு போச்சு. பழைய படிவத்தை யாராவது நகலெடுத்துக் கொடுத்தால் வாங்கி நிரப்பிக்கிட்டு உட்காராதீங்க. காப்பகம் நகரத்து விஷயம். மாநகராட்சியில் அந்தந்த மண்டல அலுவலகத்தில் (எங்களுக்குத் திருவொற்றியூர், ராயபுரம்) நேரில் போய் இப்போ எந்த நிதி, என்ன விதின்னு கேட்டு எழுதிக்கணும்.

பணம் வந்த பிறகுதான் உண்மையான வேலை. நாங்க ஒரு தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து பெண்கள் காப்பகம் ஒன்றில் பொறுப்பெடுத்தோம். முதல் தவணை வந்தது. செலவழித்ததற்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தால்தான் அடுத்த தவணை. எங்களிடம் பாதி ரசீது இல்லை. காய்கறிக்காரம்மா ரசீதா கொடுப்பாங்க? தணிக்கையாளர் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டார். அதை ஒருவழியாகச் சரி பண்ணிக் கொடுத்தோம். அப்புறம் கோப்பு நகராமல் மாசக்கணக்கில் ஓர் அலுவலகத்தில் கிடந்தது. பராமரிப்பாளர்களுக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லை. பொருளாளர் அக்கா யாரிடமும் சொல்லாமல் தன் வளையலை அடகு வைத்தாங்க. அடுத்த மாசம் குழு சேமிப்பிலிருந்து எடுக்கலாமான்னு பேச்சு வந்தது. அன்றைக்கு நடந்த சண்டையை நான் மறக்க மாட்டேன். ஒரு சகோதரி எழுந்து, "அது என் பிள்ளை படிப்புக்கு நான் போட்ட பணம். ஊருக்கு உபகாரம் பண்ண என்னைக் கேட்காம எடுப்பீங்களா?" என்றாங்க. அவங்க கேட்டது நியாயம். சேமிப்பைத் தொடுவதில்லைன்னு அன்றைக்கே தீர்மானப் புத்தகத்தில் எழுதினோம். மூணு மாசச் செலவுக்குத் தனியாகப் பணம் வைத்திராத கூட்டமைப்பு காப்பகத்தைத் தொடவே கூடாதுங்கிறது என் அபிப்பிராயம். வளையல் எட்டு மாசம் கழிச்சுத்தான் மீண்டது.

அதனால் இப்போதே செய்ய வேண்டியது: சங்கப் பதிவு புதுப்பித்திருக்கா பாருங்க. மூணு வருஷத் தணிக்கை அறிக்கை, கூட்டமைப்பு பேரில் பான் கார்டு, கூட்டுக் கையெழுத்துள்ள வங்கிக் கணக்கு, எல்லாம் ஒரே பைலில் இருக்கட்டும். மத்திய அரசு நிதி கேட்கிற தொண்டு நிறுவனம் நிதி ஆயோக்கின் தர்பன் தளத்தில் பதிந்து எண் வாங்கியிருக்கணும். ரசீது கொடுக்காத கடைக்கு நீங்களே ஒரு செலவுச் சீட்டு எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிடுங்க.

கிராமத்துக்கு வருவோம். 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் குடிசையை மாற்றி 360 சதுர அடி வீடு கட்ட மூன்றரை லட்சம் ரூபாய். பிரதமர் வீட்டுத் திட்டம் உங்களில் பலருக்குத் தெரிந்ததே. எதுவானாலும் பணம் மொத்தமாக வராது, வேலை ஏற ஏறத்தான் வரும். முதலில் அடித்தளம் போடக் கையில் காசு இல்லாதவங்க வட்டிக்கு வாங்கி மாட்டிக்கிறாங்க. அந்த முதல் படிக்குக் குழுவிலிருந்து உள்கடன் கொடுத்து உதவலாம். அது சேமிப்பை வாரி இறைப்பதாகாது, திரும்பி வருகிற கடன். ஆனால் பட்டா யார் பேரில் இருக்குன்னு முதலில் பாருங்க. மாமனார் பேரிலேயே இருக்கும், அவர் போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகியிருக்கும். எங்க பக்கம் அந்த வழியும் கிடையாது. புறம்போக்கில் இருக்கிறவங்க பட்டா இல்லாமல் வீடு கட்டும் மானியம் கேட்கவே முடியாது.

இன்னொன்று. கட்டுவதற்குக் கிடைக்கிற பணம் பராமரிக்கக் கிடைப்பதில்லை. திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 1993-ல் கட்டிய குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு, 2021 டிசம்பர் 27-ல் ஒரு பகுதி இடிந்து 24 வீடுகள் மண்ணாகின. விரிசலைப் பார்த்து முன்னமே ஜனங்க வெளியே வந்ததால் ஓர் உயிரும் போகவில்லை. 28 வருஷத்தில் ஒரு கட்டடம் போய்விட்டது. அதனால் எந்த மனு எழுதினாலும் பழுது பார்க்க ஒரு வரி போடுங்க. வெட்டினாலும் வெட்டட்டும், அடுத்த வருஷம் மறுபடி போடுங்க.

எங்க மனுவில் அப்படி வெட்டப்பட்ட ஒரு வரி, பூட்டுப் பெட்டி. ஆளுக்கு ஒன்று கேட்டிருந்தோம். ராத்திரி நடந்தபோது "உங்களுக்கு என்ன வேணும்"னு கேட்டதுக்குப் பல பெண்கள் முதலில் சொன்னது சோறும் இல்லை, பாயும் இல்லை. ரேஷன் கார்டு, ஆதார், ரெண்டு புடவை, இதையெல்லாம் வைத்துப் பூட்ட ஒரு பெட்டி. திருட்டுப் பயத்தில் ராத்திரி முழுக்கப் பையைத் தலைக்கடியில் வைத்துக்கிட்டு அரைத் தூக்கம் தூங்குறாங்க. மறுபடி எழுதிக் கேட்டோம், எதற்காகன்னு அந்தப் பெண்கள் சொன்ன காரணத்தோடு. ரெண்டாவது தடவை வந்தது.

நோட்டுப் புத்தகம் கொண்டு வந்திருக்கேன். டீ குடிச்சிட்டு வாங்க, ராத்திரி நடையில் நாங்க எழுதின பக்கத்தைக் காட்டுறேன்.