கார்த்திகைக் கிழங்கு: அழகும் ஆபத்தும் ஆதாயமும்



மழைக்காலம் பிறந்ததும் வில்லியனூர், பாகூர்ப் பக்கத்து வேலிகளில் சிவப்பும் மஞ்சளுமாகத் தீச்சுடர்போல் ஒரு பூ மலர்வதுண்டு. செங்காந்தள், கார்த்திகைப் பூ, கண்வலிப் பூ என அதற்குப் பெயர்கள் பல. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய மலர்களுள் இதற்கே முதலிடம். தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே. கிழங்கு கலப்பைபோல் வளைந்திருத்தலால் கலப்பைக் கிழங்கு எனவும் வழங்கும்.

இப்பூவை உற்று நோக்கினால் கண்வலி வரும் என்பது கிராமத்தார் நம்பிக்கை. பார்வையால் நோய் வராது. ஆயினும் குழந்தைகளைச் செடியினின்று விலக்கி வைக்குமளவில் அந்நம்பிக்கை பயனற்றதன்று.

மற்றொரு வழக்கமோ கொடியது. பிரசவம் தாமதித்தால் கிழங்கை அரைத்துத் தொப்புளிலும் பாதத்திலும் பூசுவதுண்டு. இதனை அறவே கைவிடல் வேண்டும். கிழங்கிலும் விதையிலும் உள்ள கோல்சிசின் என்னும் சத்து கடும் விஷம், வேகவைத்தாலும் நீங்காது. இலங்கையில் இதனை உண்ணும் கிழங்கென்று மயங்கிச் சமைத்துத் தின்று மாண்டோர் உளர். தின்று சில மணி நேரம் சென்ற பின்னரே வாந்தியும் பேதியும் தோன்றும். ஆகையால், ஒன்றுமில்லையென்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்க.

அளவறிந்த வைத்தியர் கையில் இவ்விஷமே கௌட் என்னும் மூட்டு நோய்க்கு மருந்தாகிறது. ஆதலால் மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரணியம் முதலிய பகுதிகளில் விதைக்காகவே இதனைப் பயிரிடுகின்றனர்.

இதற்கு வடிகாலுள்ள செம்மண் மேட்டு நிலமே தக்கது. பாகூர் ஏரிப் பாசனத்து நன்செயில் நீர் தேங்கிக் கிழங்கு அழுகும். ஆனி, ஆடி மாதங்களில் 2 அடிக்கு 1½ அடி இடைவெளியில் நடலாம். கிழங்கின் நுனியிலேயே முளை இருத்தலால் நுனி ஒடிந்தது முளைக்காது. கொடி படர முள்கிளுவை முதலியவற்றை ஊன்றுக. காலையில் மகரந்தத்தைக் கையால் சேர்த்தால் காய் மிகும். ஏறக்குறைய 6 மாதத்தில் காய் பறிக்கலாம்.

நடவுக் கிழங்கின் விலையே பெருஞ்செலவு. வாங்குவோரோ சிலர், விதை விலையோ ஏறி இறங்குவது. தனி விவசாயி கடன் வாங்கிப் பயிரிட்டு, விலை விழுந்த நாளில் வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுத்தால், கடனே மிஞ்சும். ஆகவே சங்கத்தார் முதலில் கொள்வோருடன் எழுத்து மூலம் உடன்படிக்கை செய்துகொண்டு, சிறிது நிலத்தில் சோதித்துப் பார்த்து, விளைந்த விதையைப் பூட்டிய அறையில் ஒருசேர வைத்து விற்பதே உசிதம். அவ்வறையின் சாவி குழந்தைகள் கைக்கு எட்டாதிருக்கட்டும்.